நரிடா கோயில் தெருவில் விலாங்குச் சோறு

ஜப்பானுக்குக் கிளம்புகிற நம்மூர்க்காரர்கள் அங்கே என்ன சாப்பிடலாம் என்று கேட்டால், சுஷி எந்த ஊரிலும் கிடைக்கும், ஒரு மதியச் சாப்பாட்டை மட்டும் விலாங்குக் கடைக்கு ஒதுக்கி வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். விலை அதிகம், பசியோடு காத்திருக்க வேண்டும், மிளகாய்க் காரம் துளிகூட இருக்காது, எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். கொள்ளிடக்கரையில் விலாங்குக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவள் நான், அந்த மீன் எனக்குப் புதிதில்லை. அதன் கொழுப்பை இப்படியும் கையாளலாம் என்பதுதான் புதிது. நான் இங்கே எழுதப்போவதில் முக்கால்வாசி அந்தக் கொழுப்பைப் பற்றித்தான்.

கடை இருப்பது நரிடாவில். நரிடா என்றால் நமக்கெல்லாம் விமான நிலையம்தான், இறங்கியதும் டோக்கியோ ரயிலைப் பிடித்து ஓடிவிடுவோம். ஆனால் விமான நிலையத்திலிருந்து ரயிலில் பத்து நிமிடத்தில் நரிடா என்ற பழைய கோயில் ஊர் வந்துவிடுகிறது. நரிடாசான் ஷின்ஷோஜி என்கிற பௌத்தக் கோயில், தொடங்கியது 940ஆம் ஆண்டில், நம் பக்கம் முதலாம் பராந்தகன் ஆண்டுகொண்டிருந்த காலம். அங்கே மூலவர் ஃபுதோ மியோ. ஒரு கையில் வாள், ஒரு கையில் கயிறு, முதுகுக்குப் பின்னால் தீ எரிய உட்கார்ந்திருக்கிற உக்கிர மூர்த்தி. அவர் முன்னால் தினமும் சில வேளை அக்னி வளர்த்து ஹோமம் செய்கிறார்கள், பெரிய மேளம் அதிர அதிர மந்திரம் சொல்கிறார்கள், அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு நகராமல் நின்றுவிட்டாள்.

தம்பி சிபாவில் வேலை பார்க்கிறான், அவன்தான் எங்களைக் கூட்டிப்போனான். ஸ்டேஷனிலிருந்து கோயில் வரை வளைந்து வளைந்து இறங்குகிற தெரு, மெதுவாக நடந்தால் கால் மணி நேரம். இரண்டு பக்கமும் பழைய மரக்கட்டடங்கள், காய்கறி ஊறுகாய்க் கடைகள், இனிப்புக் கடைகள், அதற்கு நடுவே நடுவே விலாங்கு சுடுகிற புகை. அம்மாவுக்கு அதுதான் பிடிபடவில்லை. "சாமி கும்பிட்டுட்டு வந்து மீனா? அதுவும் கோயில் தெருவுலயே விக்கிறாங்க?" என்றாள். "இங்க அதாம்மா வழக்கமே" என்றான் தம்பி. டோக்கியோவுக்கு எடோ என்று பேர் இருந்த நாளில் மக்கள் அங்கிருந்து நடந்தே இந்தக் கோயிலுக்கு வருவார்கள். பக்கத்திலேயே இன்பா ஏரி, தோனே ஆறு, இரண்டிலும் விலாங்கு நிறைய. களைத்து வருகிறவர்களுக்குத் தெம்பு தரும் என்று சுட்டுக் கொடுக்க ஆரம்பித்தது அப்படியே ஊரின் சாப்பாடாக நிலைத்துவிட்டது. பிரசாதத்துக்குப் புளியோதரை வாங்கிச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும், சொல்லிவிடுகிறேன்.

கடையின் பெயரை எழுதவில்லை, ஒரு கடைக்கு விளம்பரமாக இது ஆக வேண்டாம். அந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற கடைகள் பல இருக்கின்றன, முறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாசலிலேயே உயிர் மீனை அறுக்கிறார்களா, கரி வாசனை வருகிறதா, மெனுவில் விலாங்கைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் இருக்கிறதா, இந்த மூன்றைப் பார்த்து நுழையுங்கள். மெனுவில் பதினைந்து அயிட்டம் இருந்து அதில் ஒன்றாக விலாங்கு இருந்தால் அந்தக் கடை வேண்டாம்.

நாங்கள் போன கடையில் அறுக்கிற இடம் தெருவைப் பார்த்தே இருந்தது. தேய்ந்து பள்ளம் விழுந்த மரப்பலகை, பின்னால் தொட்டியில் உயிர் மீன்கள். அந்த மனிதர் ஒரு விலாங்கை எடுக்கிறார், தலையில் ஓர் ஆணியை வைத்துப் பலகையோடு சேர்த்து ஒரே தட்டு, கத்தியை முதுகுப் பக்கம் வைத்து வால் வரை ஒரே இழுப்பு, மீன் புத்தகம் விரிவதுபோல் விரிந்துவிட்டது. குடலை எடுத்து, நடு முள்ளை அடியோடு சீவி, தலையைத் தள்ளி, இரண்டு துண்டு போட்டுத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போய்விட்டார். நம் பக்கம் விலாங்கைக் கையில் பிடிப்பதே ஒரு வித்தை. சாம்பலைப் போட்டுத் தேய்த்து வழவழப்பை எடுத்துவிட்டுத்தான் அருவாமனைக்கே கொண்டுபோவோம். அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாம்பலே இல்லாம எப்படிடா வழுக்காம புடிக்கிறான்" என்று தம்பியைக் கேட்டாள். குச்சி குத்தப் பழக மூன்று வருஷம், அறுக்கப் பழக எட்டு வருஷம், சுடப் பழக ஆயுசு முழுக்க என்று அந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டாம். அறுப்பதைப் பார்த்த பிறகு அதில் மிகை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் மட்டும் இதை யோசித்துக்கொள்ளுங்கள், தலையில் ஆணி அடிப்பதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட மாட்டேன் என்று அழுகிற பிள்ளையும் உண்டு.

முதுகுப் பக்கம் கீறுவது டோக்கியோ பக்கத்து முறை. ஒசாகா பக்கம் வயிற்றைத்தான் கீறுவார்கள். எடோ சாமுராய்கள் இருந்த ஊர், வயிற்றைக் கீறுவது தற்கொலையை நினைவூட்டும், அதனால் முதுகுக்கு மாறினார்கள் என்று ஒரு கதை எல்லோரும் சொல்வது. சமையல்காரர்கள் சொல்கிற காரணம் எனக்கு இன்னும் நம்பும்படி இருக்கிறது. முதுகில் கீறினால் தடித்த சதை இரண்டு ஓரத்திலும் வந்துவிடும், ஆவியில் வெந்து மிருதுவான பிறகும் குச்சியிலிருந்து நழுவி விழாது. ஒசாகா பக்கம் ஆவியில் வைப்பதே இல்லை, நேரே தீயில் சுடுகிறார்கள், அதனால் அவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

எல்லாவற்றையும் பச்சையாகச் சாப்பிடுகிற ஊரில் விலாங்கை மட்டும் ஏன் பச்சையாகத் தருவதில்லை என்று கேட்டேன். ரத்தம்தான் காரணம். விலாங்கு ரத்தத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, சூடு பட்டால் அது அழிந்துவிடும், வெந்த மீனில் பயமே இல்லை. ஆனால் வீட்டில் அறுக்கிறவர்கள் ரத்தம் கண்ணிலோ கைக்காயத்திலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரிச்சல் கிளப்பிவிடும். நம் ஊரில் இதை யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வாசலில் டோக்கன் எடுத்து, கூப்பிடும் வரை தெருவில் சுற்றி, உள்ளே போய் உட்கார்ந்து, ஆர்டர் சொன்ன பிறகும் காத்திருப்புதான். பாய் விரித்த தரையில் தாழ்வான மேசை போட்டிருக்கிறார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். முட்டிவலிக்காரர்கள் முதலிலேயே நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு அப்படித்தான் வாங்கினோம். பச்சைத் தேநீர் வந்துகொண்டே இருக்கும், அதற்குக் காசு இல்லை. மெனுவில் மூன்று நான்கு விலை போட்டிருப்பார்கள், பல கடைகளில் பைன், மூங்கில், பிளம் என்று மரப் பெயர்கள் இருக்கும். விலை கூடினால் மீன் உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அளவுதான் கூடும், மீன் அதேதான். எங்களுக்கு ஆளுக்கு 5,000 யென் பக்கம் ஆயிற்று, நம் பணத்தில் 2,500 ரூபாயைத் தாண்டும். ஒரு மீனுக்கா இவ்வளவு என்று அம்மா முகம் சுருங்கியதும், தம்பி பில்லைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

முதலில் வந்தது ஷிராயாகி. குழம்பு எதுவும் தடவாமல் வெறுமனே சுட்டு, ஆவியில் வைத்து, மறுபடி சுட்ட துண்டுகள், தொட்டுக்கொள்ள உப்பும், வாசாபி என்கிற உறைப்பான பச்சை விழுதும். இங்கேதான் நான் சொன்ன கொழுப்பு சமாசாரம். விலாங்கு கொழுப்பு மீன், அதிலும் தோலுக்கு அடியில்தான் கொழுப்பு அதிகம். நாம் புளியையும் மிளகாயையும் போட்டுக் குழம்பு வைக்கும்போது அந்தக் கொழுப்பு எண்ணெயாகப் பிரிந்து மேலே மிதக்கிறது, குழம்புக்கு ருசி ஏறுகிறது, ஆனால் மீனின் சொந்த ருசி புளியிலேயே மறைந்துவிடுகிறது. பொரித்தால் தோல் ரப்பராகி கொழுப்பு உள்ளேயே திகட்டலாக நிற்கிறது. அங்கே முதல் சூட்டில் தோலை இறுக்கிக்கொள்கிறார்கள், அப்புறம் ஆவியில் வைத்து மிஞ்சிய கொழுப்பை வடியவிடுகிறார்கள், கடைசியாக மறுபடி கரி நெருப்பில் காட்டி, மீந்த கொழுப்பைத் தோலிலேயே பொரிய வைக்கிறார்கள். கடைசியில் திகட்டாத அளவுக்கு மட்டும் கொழுப்பு நிற்கிறது. சாப்ஸ்டிக் பட்டாலே சதை பிரிகிறது, தோல் பல்லில் ஒட்டுவதில்லை, நுனியில் லேசாக மொறுமொறுப்பு. சேற்று வாசனை என்பது அறவே இல்லை, ஏனென்றால் அறுப்பதற்கு முன் மீனை இரை போடாமல் நல்ல தண்ணீர் ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். உப்பு மட்டும் தொட்டு ஒரு துண்டு வாயில் போட்டபோது, இத்தனை வருஷம் நான் சாப்பிட்டதில் புளி எவ்வளவு, மீன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

அப்புறம் உனாஜூ. கறுப்பும் சிவப்புமாக அரக்குப் பூசிய பெட்டி, மூடியைத் திறந்ததும் ஆவி, சோறு தெரியாத அளவுக்கு மேலே கபயாகித் துண்டுகள். கபயாகி என்பது மேலே சொன்ன அதே முறைதான், கடைசிச் சூட்டில் மட்டும் தாரே என்கிற குழம்பில் முக்கி முக்கிச் சுடுவார்கள். சோயா சாஸும் மிரின் என்கிற இனிப்பான அரிசி மதுவும் சர்க்கரையும் சேர்ந்தது தாரே. பழைய கடைகளில் இந்தச் சாடியைக் காலி செய்வதே இல்லை, குறையக் குறைய புதிதாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறை மீனை முக்கும்போதும் அதன் கொழுப்பு கொஞ்சம் சாடியில் இறங்குகிறது, அந்தக் கொழுப்பும் புகையும் சேர்ந்து சேர்ந்துதான் பழைய தாரேக்கு அந்த ஆழம். வீட்டில் ஒரு நாளில் காய்ச்சி இதைக் கொண்டுவர முடியாது. தீ விபத்திலும் பூகம்பத்திலும் மற்றதை விட்டுவிட்டுச் சாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று பழைய கடைக்காரர்களிடம் கதைகள் உண்டு, நான் அதை நம்புகிறேன்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். தாரே இனிப்பு. முதல் நாலு வாய் அற்புதம், பெட்டியில் பாதி தாண்டியதும் இனிப்பு நாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு மாற்றுதான் மேசையில் சின்னக் குப்பியில் இருக்கிற சன்ஷோ பொடி. எலுமிச்சைத் தோல் வாசனை, நாக்கை லேசாக மரக்க வைக்கும், நம் மிளகுக்கு நெருக்கமில்லை என்றாலும் வேலை அதேதான், கொழுப்பை அறுத்துவிடும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவித் தூவிச் சாப்பிடுங்கள், பெட்டி முழுக்க ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கூடவே வருகிற வெள்ளரி, முள்ளங்கி ஊறுகாயும் இதற்காகத்தான். சோறு ஒட்டுகிற ரகம். பொன்னிச் சோறு உதிரி உதிரியாக வேண்டும் என்கிறவர்களுக்குக் குழைந்துவிட்டதாகத் தோன்றும், ஆனால் அந்தக் குழம்பைப் பிடித்துவைக்க அந்தச் சோறுதான் சரி. அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "மீனு அமிர்தமா இருக்கு, சோறு மட்டும் நம்ம சோறா இருந்திருக்கணும்" என்பதுதான் அவள் தீர்ப்பு. மீன் விஷயத்தில் மட்டும்தான் நான் அவளோடு ஒத்துப்போகிறேன்.

கூட ஒரு சின்னக் கிண்ணத்தில் கிமோசுய், விலாங்கின் ஈரல் குடல் போட்ட தெளிந்த சூப். லேசான கசப்பு உண்டு. ஆட்டு ஈரல், குடல் பிடித்தவர்களுக்கு இது பிடிக்கும், மற்றவர்கள் சூப்பை மட்டும் குடித்துவிட்டு அடியில் கிடப்பதை விட்டுவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சில கடைகளில் நடு முள்ளை மொறுமொறுவென்று பொரித்து விற்கிறார்கள், கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. வேறொரு ஊரில் ஸ்டேஷன் பக்கத்தில் மலிவாக விலாங்குச் சோறு போடுகிற கடையில் சாப்பிட்டேன், நரிடா விலையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். எங்கோ சுட்டு உறைய வைத்ததைச் சூடாக்கிக் கொடுத்தார்கள், தோல் இழுபட்டது, தாரே வெறும் சர்க்கரைப் பாகு. விலாங்கு எனக்குப் பிடிக்கவில்லை என்று ஜப்பான் போய்வந்த சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், அவர்கள் சாப்பிட்டது இந்த ரகமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இதில் மிச்சம் பிடிப்பதைவிடச் சாப்பிடாமல் வருவது நல்லது.

இப்போது நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். டெல்டாவில் விலாங்குக்கு என்ன இடம்? அணைக்கரைப் பாலத்தோரம் கொள்ளிடத்து மீனைப் பொரித்துத் தருகிற கடைகளுக்குக் கும்பகோணத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஆள் வருகிறார்கள், ஆனால் கெண்டையும் விராலும் ஆராவும்தான் கேட்கிறார்கள். விலாங்கு இருந்தால் பாதிப்பேர் பாம்பு மாதிரி இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மீதிப்பேர் மூலத்துக்கு நல்லது என்று மருந்தாக வாங்கிப்போவார்கள். ருசிக்காக விலாங்கைத் தேடி வருகிறவர் குறைவு. எங்கள் வீட்டில் மண்சட்டியில் புளிக் கரைசலும் மாங்காயும் போட்டு அம்மா வைக்கிற குழம்பு நிஜமாகவே நன்றாக இருக்கும், மறுநாள் பழையதுக்கு இன்னும் நன்றாக இருக்கும், அதை ஒரு சொல் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே ஒரு முறைதான் நமக்குத் தெரியும் என்பது நரிடாவுக்குப் போன பிறகு உறுத்துகிறது.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாதான் ஆரம்பித்தாள். மாமாவிடம் சொல்லி, கொள்ளிடத்தில் தூண்டிலில் சிக்கிய விலாங்கு ஒன்றை உயிரோடு கொண்டுவரச் சொன்னாள். ராத்திரி முழுக்க டிரம்மில் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்தோம். காலையில் சாம்பல் போட்டு வழவழப்பு எடுத்து, மாமா முதுகைக் கீறினார், நடு முள் கொஞ்சம் சதையோடுதான் வந்தது. கொட்டாங்குச்சிக் கரியில் இரண்டு பக்கமும் காட்டி, இட்லிப் பானையில் துணி விரித்து வேக வைத்து, மறுபடி கரியில் சுட்டோம். உப்பு, எலுமிச்சை, இடித்த மிளகு, அவ்வளவுதான். ஆற்று மீனுக்குத் தோல் தடிப்பு, கொழுப்பு குறைவு, சதை கெட்டி, அதனால் ஆவியில் அங்கே வைப்பதைவிட அதிக நேரம் வைக்க வேண்டியிருந்தது. நரிடா மிருது வரவில்லை, ஆனால் ருசியில் அதற்கு இளைத்ததில்லை, இன்னும் சொன்னால் மீன் ருசி இதில்தான் அழுத்தமாக இருந்தது. விலாங்கே தொடாத என் அத்தை பெண் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள். அணைக்கரையில் கடை போட்டிருப்பவர்கள் யாராவது இந்த முறையை எடுத்துச் செய்தால் நான் முதல் ஆளாக வந்து நிற்பேன். இட்லிப் பானையும் கரியும்தான் செலவு.

மீன் கிடைக்க வேண்டுமே, அதுதான் கேள்வி. "எங்க சின்ன வயசுல மதகுக் கல்லுக்கு அடியில கைய விட்டா கெடைக்கும், இப்ப ராத்திரி பூரா தூண்டில் போட்டாலும் ஒண்ணு ரெண்டுதான்" என்று மாமா சொன்னார். விலாங்கு ஆற்றிலேயே பிறக்கிற மீன் இல்லை. கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்று முகத்துக்கு வந்து, எதிர்நீச்சல் போட்டு மேலேறி, வருஷக்கணக்கில் நல்ல தண்ணீரில் வளர்ந்து, கடைசியில் முட்டையிட மறுபடி கடலுக்கே போய் அங்கேயே செத்துப்போகிற மீன். அதற்குப் போக்கும் வரத்தும் இரண்டும் திறந்திருக்க வேண்டும். கொள்ளிடத்தில் 1836இலிருந்து கீழணை நிற்கிறது, மேலே 1934இலிருந்து மேட்டூர், இடையில் எத்தனை ரெகுலேட்டர், எத்தனை மதகு. கோடையில் முகத்துவாரம் வரை தண்ணீரே போவதில்லை. நமக்குச் சோறு போடுவது அந்த அணைகள்தான், அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மாமாவின் தூண்டில் காலியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

ஜப்பானிலும் இதே கவலைதான், இன்னும் பெரிய அளவில். அவர்கள் தட்டில் விழுவது ஏறக்குறைய எல்லாமே பண்ணை விலாங்கு, ஆனால் பண்ணைக்குக் குஞ்சு கடலிலிருந்துதான் வர வேண்டும். குளிர்காலத்து ராத்திரிகளில் ஆற்று முகங்களில் விளக்கு வைத்து, கண்ணாடியாகத் தெரிகிற விரல் நீளக் குஞ்சுகளை வலையில் அள்ளிப் பண்ணைக்கு விற்கிறார்கள். அந்த மீன் எங்கே முட்டையிடுகிறது என்பதே ரொம்ப நாள் புதிராக இருந்தது. பசிபிக் கடலில் மரியானா தீவுகளுக்கு மேற்கே என்று தேடித் தேடி, 2009இல்தான் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கடலிலிருந்து முட்டைகளையே எடுத்தார்கள். அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீரோட்டத்தில் மிதந்து வருகிறது அந்தக் குஞ்சு. ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்து வளர்த்து, அதையே மறுபடி முட்டையிட வைப்பதை 2010இல் செய்து காட்டினார்கள், கடைகளுக்குப் போதுமான அளவில் மலிவாகச் செய்வதுதான் கஷ்டம். 2014இல் ஜப்பானிய விலாங்கை அழியும் அபாயத்தில் இருக்கிற இனமாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலில் சேர்த்தது. அந்த 5,000 யென் விலையில் குஞ்சுப் பஞ்சமும் சேர்ந்திருக்கிறது. தினசரி மலிவாகத் தின்கிற மீனாக இதை ஆக்கக்கூடாது, எப்போதாவது ஒருமுறை, நன்றாகச் செய்கிற இடத்தில், முழு விலை கொடுத்துச் சாப்பிடுவதுதான் சரி என்பது என் கருத்து. மலிவுக் கடையை நான் வேண்டாம் என்பதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை.

எப்போது போகலாம்? நம் ஆடி மாதம் வாக்கில், ஜூலைக் கடைசியில், விலாங்கு சாப்பிட்டே ஆக வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு நாள் உண்டு, தோயோ எருது நாள். வெயிலில் வாடிய உடம்புக்குத் தெம்பு என்பது நம்பிக்கை. கோடையில் வியாபாரம் படுத்துக்கிடந்த ஒரு விலாங்குக் கடைக்காரருக்கு ஹிராகா கென்னாய் என்கிற பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் கொடுத்த யோசனைதான் இந்த நாள் என்று ஒரு கதையும் உண்டு. அந்த நாளை ஒட்டி மட்டும் போகாதீர்கள், தெரு கொள்ளாது, அவசர அவசரமாகச் சுட்டுத் தள்ளுவார்கள். இயற்கையில் விலாங்கு கொழுப்பேறுவது குளிர் தொடங்கும்போதுதான், கோயில் தோட்டத்தில் இலைகள் சிவக்கிற நவம்பர் எனக்குத் தோதான மாதமாகத் தெரிகிறது. வார நாளில், கடை திறக்கிற நேரத்துக்குப் போய் டோக்கன் எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்துவிட்டால் காத்திருப்பது தெரியாது. சாயங்காலம் வரை தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கு வைத்திருக்கும் மீன் தீர்ந்தால் கடையைச் சாத்திவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே வெறும் சோறும் ஊறுகாயும்தான், சூப்பின் அடித் தண்ணீர்கூட மீன் போட்டது, அவர்களைப் பட்டினி போட்டு உட்கார வைக்காதீர்கள். கூத்தாநல்லூர், நாகூர் பக்கத்து முஸ்லிம் நண்பர்களுக்கு ஒன்று, தாரேயில் மிரின் உண்டு, அது மது. ஷிராயாகியில் தாரே சேராது, ஆனால் சில கடைகளில் அதைச் சுடும்போது சாகே என்கிற அரிசி மதுவைத் தெளிப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும், பழைய கடைகளில் எல்லா கார்டும் ஓடாது.

ஆர்டர் இப்படிச் சொல்லுங்கள்: நாலு பேர் போனால் நடுவில் ஷிராயாகி இரண்டு தட்டு, உனாஜூ ஆளுக்கொன்று, எல்லாம் சாதாரண அளவு. ஷிராயாகி முதலில் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள், இனிப்பு நாக்கில் ஏறிய பிறகு அதைச் சாப்பிட்டால் ருசி தெரியாது. சுட்டதும் வருவதால் போட்டோ எடுத்துக்கொண்டு ஆறவிடாதீர்கள், தோலின் மொறுமொறுப்பு இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும்.